எனக்கு வண்டிப் பைத்தியம்!



இந்தப் பகுதியில் கோலம், கைவேலை, வற்றல் வடகம் என்று அவரவருக்குப் பிடித்ததைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்குப் பிடித்ததைச் சொன்னால் சிரிக்கக் கூடாது. எனக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்கும். அதிலும் கம்பெனியில் வந்தபடி இல்லாமல், ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக் கட்டிய வண்டி என்றால், கையில் காய்கறிப் பை இருந்தாலும் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் நகருவேன். என் வீட்டுக்காரர் இதனாலேயே என்னோடு கடைவீதிக்கு வர யோசிப்பார்.

தல்லாகுளத்தில் என் அப்பா சின்னதாக ஒரு டூ வீலர் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கேதான் போவேன். மேலூர், அழகர்கோவில் பக்கமிருந்து நிறைய புல்லட் வரும். சென்னை திருவொற்றியூரில் 1955-ல் உருவான கம்பெனியின் வண்டி அது. பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். ஸ்டார்ட் செய்வதும் ஒரு வித்தைதான். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். பிறகு லீவரை விட்டுவிட்டு ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துவிடும். எட்டாம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு அது கைவந்துவிட்டது. "பொம்பளப் புள்ளைக்கு என்னடி கிரீஸு?" என்று அம்மா திட்டுவார். அப்பா காதில் விழாத மாதிரி, "பாப்பா, அந்தப் பதினாலு பதினைஞ்சு ஸ்பேனரை எடு" என்பார்.

வண்டியை ஆல்டர் பண்ண வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஹேண்டில்பாரை உயர்த்தணும், டேங்க்குக்கு குரோமியம் போடணும், சைலன்சர் சத்தமாக இருக்கணும். முதலில் கழற்றச் சொல்வது சேலை கார்டை. "வண்டி அழகு போகுதுண்ணே" என்பார்கள். அதை மட்டும் அப்பா தொடமாட்டார். "உன் வீட்டுக்காரி சேலை சக்கரத்துல சிக்குனா அந்த அழகு எதுக்குப்பா?" என்று கேட்பார். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு எல்லாம் இருக்க வேண்டும் என்று 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதியே இருக்கிறது. சேலை கட்டினவளையும் நினைத்து யாரோ எழுதியிருக்கிறார்களே என்று எனக்கு அந்த விதி மேல் தனிப் பிரியம்.

பிளஸ் டூ முடித்தேன், கல்யாணம் ஆனது, ஸ்பேனர் போய்க் கரண்டி வந்தது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

என் நாத்தனாருக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் பாதிக்கப்பட்டுவிட்டன. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். நல்ல கை. ஆனால் தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கவும், நூல் வாங்கவும் அவள் அண்ணன் வேலை முடிந்து வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அதனால் சீட்டுப் பணம் எடுத்து ஒரு கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கி, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்தி, ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் பதிந்தோம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையிலேயே இருப்பதால் கால் வேலையே இல்லை.

பத்தே நாளில் ஒரு வேதனை. ரோட்டில் ஒரு சின்னப் பள்ளத்தில் வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, பின்சக்கரம் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. நடு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். யாரோ நாலு பேர் தூக்கி ஓரமாக விட்டார்களாம். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏத்தா, இது நமக்கு வேண்டாம், வித்துருவோம்" என்றார் மாமியார். அவளும் சரி என்று தலையாட்டினாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அன்று ராத்திரி அவளை வண்டியில் உட்காரவைத்து, பின்சக்கரத்துக்கு அடியில் மடித்த நியூஸ் பேப்பரைச் செருகிப் பார்த்தேன். சுலபமாக உருவ வந்தது! இரண்டு பக்கச் சக்கரமும் அதிகமாக இறங்கியிருந்ததால் பாரத்தை எல்லாம் அவையே தாங்கிக்கொண்டிருந்தன. பள்ளத்தில் நடுச்சக்கரம் அந்தரத்தில் நிற்காமல் என்ன செய்யும்? மறுநாள் பொருத்திக் கொடுத்தவரிடம் போனேன். "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா" என்றார். நான் நகரவில்லை. பேப்பரைச் செருகிக் காட்டியதும் ஆள் பேசாமல் ஸ்பேனரை எடுத்தார். பிராக்கெட்டை ஏற்றி, ஸ்பிரிங்கையும் மாற்றினார். இப்போது பேப்பரை இழுத்தால் கிழிகிறது.

இந்த வண்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இன்னும் இரண்டு விஷயம். இது மற்ற ஸ்கூட்டர் போல வளைவில் சாயாது. அதனால் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சாதாரண ஸ்கூட்டரில் ரிவர்ஸ் கிடையாது, காலை ஊன்றித் தள்ளவும் முடியாது. நிறுத்தும்போதே மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்துங்கள். இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கமே இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் தரும் திட்டமும் இருக்கிறது. நிபந்தனைகளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"மதினி, இந்த மாதிரி வண்டியில ரேஸ் எல்லாம் ஓட்டுவாங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். தீபா மாலிக்கின் கதையைச் சொன்னேன். இளம் வயதிலிருந்தே பைக் என்றால் உயிர் அவருக்கு. 1999-ல் முதுகுத்தண்டுக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்து நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. ராணுவ அதிகாரியான கணவர் அப்போது கார்கில் சண்டையில். இரண்டு பெண் குழந்தைகள் வேறு. அந்த நிலையிலிருந்து எழுந்து, தனக்காக மாற்றியமைத்த வண்டியில் ராலி ஓட்ட லைசென்ஸ் வேண்டும் என்று மோட்டார் விளையாட்டு சம்மேளனத்தில் போராடி வாங்கினார். 2009-ல் இமயமலை ராலியில் கலந்துகொண்டார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் குண்டு எறிந்து வெள்ளி வாங்கினாரே, அதே தீபாதான். பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். எல்லாரும் அந்தப் பதக்கத்தைப் பேசுகிறார்கள். எனக்கு அந்த லைசென்ஸ்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஐதராபாத்தில் சுதாகர் யாதவ் என்பவர் விதவிதமான கார்கள் செய்து மியூசியமே வைத்திருக்கிறார். ஹைஹீல்ஸ் செருப்பு, ஹேண்ட்பேக் வடிவில்கூட கார் உண்டு. அவர் கைத்திறமைக்குக் கும்பிடு போடலாம். ஆனால் ஹேண்ட்பேக் மாதிரி கார் எதற்கு? நம் கைக்கு பிரேக் எட்டினால் போதாதா!

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இஷ்டத்துக்கு வண்டியை மாற்ற இப்போது முடியாது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாகச் செய்யக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதே வருடம் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு என்றானது. ஊனமுற்றவர்களுக்காக முறைப்படி மாற்றும் வண்டிக்கு மட்டும் தனியாக வழி இருக்கிறது. முன்பு சட்டத்தில் அதற்கு 'இன்வேலிட் கேரியேஜ்' என்று பெயர். கேட்கவே நன்றாக இருக்காது. அந்தத் திருத்தத்தில்தான் 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றினார்கள்.

நாத்தனார் இப்போது ஜாக்கெட்டை அவளே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். என் மகளை டியூஷனிலிருந்து கூட்டி வருவதும் அவள்தான். தெருவில் என்னைப் பார்த்தால் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்காமல் போகிறாள், கொழுப்பு!

அப்பா பட்டறையை மூடிவிட்டார். ஆனால் அவருடைய பழைய புல்லட் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. ஆர்.சி.யைப் புதுப்பித்து எனக்கே தருவதாகச் சொல்லிவிட்டார். நான் குள்ளம், கால் எட்டவில்லை. சீட்டின் ஸ்பாஞ்சை ஒரு அங்குலம் குறைக்கப் போகிறோம். மேல் உறை நாத்தனார் கைவண்ணம். ரெக்சின் மெரூனா, கறுப்பா என்று எங்கள் இருவருக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை.

— ஒரு வாசகி, தல்லாகுளம், மதுரை.