சிறுநாட்டுத் திரைக்கலை: ஜோர்ஜியா தரும் சான்று

கவிதை புனையத் தாளும் எழுதுகோலும் போதும். திரைப்படம் ஆக்கவோ பெரும்பொருள் வேண்டும். அப்பொருளைப் பார்வையாளரிடமிருந்தே ஈட்டுதல் பெருநாடுகளின் வழக்கம். அவ்வாறாயின், குடித்தொகை குறைந்த நாடொன்றிலே கலைத்தரமான படங்கள் எங்ஙனம் உயிர்வாழும்? ஏறத்தாழ 39 இலட்சம் மக்களையுடைய ஜோர்ஜியாவின் வரலாறு இவ்வினாவுக்கு விடை காண உதவும்.

சோவியத்து ஆட்சியிற் படத்தொழிலை அரசே நடாத்தியது. கலைஞருக்குப் பொருட்கவலை இருக்கவில்லை. தணிக்கைக் கவலை இருந்தது. கொடுங்கோன்மையைச் சாடித் தெங்கிஸ் அபுலாத்சே 1984இல் ஆக்கிய 'கழிவிரக்கம்' என்னும் படம் தடுத்து வைக்கப்பட்டு, கொர்பச்சேவின் சீர்திருத்தக் காலத்திலேயே வெளிவந்தது. 1987இற் கான் விழாவில் நடுவர் பெரும்பரிசும் பெற்றது. 1991இல் நாடு தனியரசாயிற்று. தணிக்கை அகன்றபோது மொஸ்கோவின் பொருளுதவியும் உடனகன்றது. தொடர்ந்து வந்த உள்நாட்டுப் போரும் வறுமையும் படத்தொழிலைப் பெரிதும் முடக்கின.

2001இலே தேசியத் திரைப்பட நிலையம் நிறுவப்பட்டது. அதன் நிதி சிறிதாதலின், நெறியாளர்கள் பிறநாட்டாரோடு கூடிப் படமெடுக்கும் முறையை மேற்கொண்டனர். இக்கூட்டுத் தயாரிப்பு முறை பொருளோடு பிறநாட்டுப் பார்வையாளரையும் தேடித் தந்தது.

இம்முறையின் நற்பயனை இரு படங்களிற் காணலாம். ஜோர்ஜ் ஒவாஷ்விலியின் 'சோளத் தீவு' 2014இற் கார்லோவி வாரி விழாவின் முதற்பரிசைப் பெற்றது. ஜோர்ஜியாவையும் அப்காசியாவையும் பிரிக்கும் இங்குரி ஆற்றிலே, வண்டல் படிந்து தோன்றும் திட்டொன்றில் ஒரு முதியவரும் அவர்தம் பேர்த்தியும் சோளம் பயிரிடுகின்றனர். பகைகொண்ட படையினர் படகுகளிற் கடந்து செல்கின்றனர். ஈற்றிலே வெள்ளம் திட்டைக் கரைத்துவிடுகின்றது. உரையாடல் மிகச் சிலவே. அப்காசிய முதியவராகத் துருக்கி நடிகர் ஒருவர் நடித்தமையும் இதற்கு இயைந்தது. சொற்கள் சுருங்கவே, மண்ணும் நீரும் கைத்தொழிலுமே கதையைச் சொல்கின்றன, மொழியறியாதாரும் உணர்கின்றனர்.

சாசா உருஷாட்சே 2013இல் எஸ்தோனியரோடு கூடி ஆக்கிய 'தோடம்பழங்கள்' மற்றொன்று. 1992ஆம் ஆண்டு அப்காசியப் போரின்போது, எஸ்தோனியக் குடியேற்றக் கிராமமொன்றில் வாழும் முதியவர், ஜோர்ஜியர் ஒருவரையும் அவருக்கு எதிராகப் போரிட்ட செச்சினியர் ஒருவரையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பேணுகின்றார். தம் நாடு பட்ட புண்ணைக் காட்ட வந்த நெறியாளர் எதிரியின் முகத்தையும் மனித முகமாகவே காட்டினார். இப்படம் எஸ்தோனியாவின் சார்பில் ஒஸ்கார் விருதுக்கு நியமனம் பெற்றது.

ஆயினும் இடர் நீங்கிற்றிலது. 2022இல் அரசு தேசிய நிலையத்தின் தலைவரைப் பதவிநீக்கியபோது, திரைக்கலைஞர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் பலர் அந்நிலையத்தையே புறக்கணித்தனர். பிறநாட்டுத் துணையோடு தேயா குலும்பெகாஷ்விலி ஆக்கிய 'ஏப்பிரில்' 2024இல் வெனிஸ் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசைப் பெற்றது.

சிறுநாட்டுக் கலைஞன் எவரிடமேனும் பொருள் பெற்றே தீரவேண்டும். ஒருவரையே நம்பியிருந்த காலத்தில் அவர் மறுத்தவுடன் படம் இருளில் மறைந்தது. பலரிடம் சிறிது சிறிதாகப் பெறும்போது எவரும் தனித்து அவன் வாயை அடைத்தல் அரிது. ஜோர்ஜியத் திரைக்கலை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.