நாட்பட்ட தொற்றுநோயும் தைரொயிட் சுரப்பியும்

மாணவர்களே, குருதியில் தைரொயிட் ஓமோன் குறைவதற்குக் காரணம் யாது எனக் கேட்டால், "அயடீன் குறைபாடு" என்றே பலரும் எழுதுகிறீர்கள். விடை சரியானதே. ஆனால் அது மட்டுமே காரணமன்று. சுரப்பி நலமாக இருக்கும்போதும் நாட்பட்ட தொற்றுநோயினால் ஓமோன் குறையலாம். காசநோயை உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

1. வழமையான தொழிற்பாடு

கபச்சுரப்பியிலிருந்து வரும் தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன், தைரொயிட் சுரப்பியை இயக்குகிறது. தைரொயிட் பிரதானமாகச் சுரப்பது தைரொட்சின் (ரீ4) ஆகும். இதில் 4 அயடீன் அணுக்கள் உள்ளன. ஈரல் முதலிய அங்கங்களில் நொதியங்கள் ஓர் அயடீன் அணுவை நீக்க, ரீ3 உண்டாகிறது. கலங்களில் வலுவாகத் தொழிற்பட்டு அனுசேப வீதத்தைக் கூட்டுவது ரீ3 ஆகும்.

2. காசநோயின்போது நடப்பவை

காசநோய்ப் பற்றீரியாவை 1882இல் ரொபேர்ட் கொக் இனங்கண்டார். இது தைரொயிட்டை நேரடியாகத் தாக்குவது மிக அரிது. எனினும் நோய் நீடிக்கும்போது,

(அ) வெண்குருதிக் கலங்கள் சைற்றோகைன் எனும் பதார்த்தங்களை வெளிவிடும். நோயாளி உண்ணும் உணவும் குறையும்.
(ஆ) இவற்றால் ரீ4, ரீ3 ஆக மாறுவது குறையும். எனவே முதலில் குறைவது ரீ3 ஆகும்.
(இ) நோய் கடுமையானால் ரீ4 உம் குறையும்.

3. வேறுபடுத்தி அறிதல்

கடுமையான அயடீன் குறைபாடு: தூண்டும் ஓமோன் கூடும்; சுரப்பி பருத்துக் கண்டக்கழலை தோன்றும்.
நாட்பட்ட தொற்று: தூண்டும் ஓமோன் பொதுவாகக் கூடாது, சுரப்பி பருக்காது. நோய் குணமாக ரீ3 வழமைக்குத் திரும்பும்.

4. நினைவில் கொள்க

இந்நிலையில் தேவைப்படுவது பொதுவாகத் தைரொட்சின் மாத்திரையன்று, தொற்றைக் குணப்படுத்துவதே. காசநோய்க்கு வழமையாக ஆகக்குறைந்தது 6 மாதங்கள் மருந்து எடுக்கவேண்டும். சில வாரங்களில் இருமல் தணிந்ததும் மருந்தை நிறுத்துவோர் உண்டு. அப்போது மருந்துக்கு அடங்காத பற்றீரியா பெருகலாம். அதற்குக் கொடுக்கப்படும் எத்தியோனமைட் போன்ற சில மருந்துகள், நலமாக இருந்த தைரொயிட்டின் தொழிற்பாட்டையே குறைக்கக்கூடியவை. வீட்டில் எவருக்காவது இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசாங்க மார்புச் சிகிச்சை நிலையங்களில் காசநோய்க்கான சிகிச்சை இலவசம்.

மாதிரி வினா

காசநோயாளி ஒருவரின் ரீ3 குறைந்துள்ளது. தூண்டும் ஓமோன் சாதாரண அளவில் உள்ளது. காரணம் யாது?

விடை: நாட்பட்ட தொற்றினால் ரீ4, ரீ3 ஆக மாற்றப்படுவது குறைந்தமை.