பென்ட்ரிக் கதவு வளைந்தால் யார் பொறுப்பு?

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் ளுஹர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறக்கிறேன், வாசலில் ஒரு முச்சக்கர வண்டி நிற்கிறது. ஊர்ச் சகோதரர் ஒருவர் அதிலிருந்து பென்ட்ரிக் கதவொன்றை இறக்கி என் மேசையில் படுக்க வைத்தார். மூன்று மூலைகள் மேசையில் இருந்தன. நாலாவது மூலைக்கடியில் பெருவிரலை நுழைக்கலாம்.

“நானா, இது ஒங்கட பலகதான். மகள்ற கலியாணத்துக்கெண்டு கட்டின ஊடு. அஞ்சி மாசம் ஆகல்ல. பதினாலு கதவுல ஆறு இப்புடித்தான் கெடக்கு. மருமகன்ட உம்மா வந்து பாத்துட்டு ஒண்டும் பேசல்ல. அதான் எனக்குப் பெரிய வெக்கம்” என்றார்.

நமது கிழக்கில் மகளுக்கு வீடு கொடுப்பதற்காக ஒரு தகப்பன் எத்தனை வருடம் உழைக்கிறான் என்பது வாசகர்களுக்குத் தெரியும். இருந்தும் முதலில் என் மனம் ஓடாவியைத்தான் குற்றம் சாட்டியது. விற்பவன் புத்தி அப்படித்தான். அன்று அஸருக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனேன்.

கதவுகளின் முன்முகத்தில் சீலர் அடித்து, மூன்று பூச்சு வார்னிஷ் போட்டுக் கண்ணாடிபோல் வைத்திருந்தார்கள். உள்பக்கம் வெறும் பலகை. “உள்ள யாரு பாக்கப் போறாங்க எண்டு உட்டுட்டன்” என்றார் ஓடாவி. பிழையில் பாதி இங்கேதான் இருந்தது.

மரம் வெட்டி அறுத்த பின்பும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், வரண்ட காலத்தில் திரும்ப விட்டுவிடும். குடித்தால் அகலத்தில் பெருக்கும், விட்டால் சுருங்கும். நீளத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பலகையின் ஈரம் அண்ணளவாக 11 வீதத்துக்கு இறங்கினால், மாரியில் 16 வீதத்துக்கு ஏறும். இந்த 5 வீத வித்தியாசத்துக்கே 45 சென்ரிமீற்றர் அகலமான தேக்குப் பலகை சுமார் 4 மில்லிமீற்றர் கூடிக் குறையும். அடங்கி நிற்கும் மரம் என்று பெயரெடுத்த தேக்குக்கே இந்தக் கதி.

இரண்டு முகமும் ஒரே அளவில் பெருத்தால் கதவு நேராகவே இருக்கும். ஒரு முகத்தை வார்னிஷால் அடைத்துவிட்டு மறுமுகத்தைத் திறந்து விட்டால், திறந்த முகம் மட்டும் குடித்துப் பெருக்கிறது, கதவு வில்லாகிறது. போமைக்கா ஒட்டும்போதும் இதேதான். எம்.டி.எஃப். பலகையானாலும் முன்னால் ஒட்டினால் பின்னாலும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். ஆகவே முன்னுக்கு எத்தனை பூச்சோ பின்னுக்கும் அத்தனை. நாலு விளிம்பையும், முக்கியமாகக் கீழ் விளிம்பையும், பிணைச்சலுக்கு வெட்டிய குழியையும் மறக்கக் கூடாது. தண்ணீர் முதலில் போவது அந்த வழியால்தான். சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்யும் கதவென்றால் நடுப்பலகைக்குப் பசை போடாமல், சட்டத்தின் பள்ளத்துக்குள் அசைய இடம் விட வேண்டும்.

மீதிப் பாதி என்னுடையது. அந்தப் பலகையைக் காய்ந்தது என்று சொல்லித்தான் விற்றேன். எனக்குத் தந்த மர ஆலைக்காரர் அப்படிச் சொன்னார், நானும் சோதிக்காமல் அதையே சொன்னேன். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்ததும் அடியில் ஈரமுமாக இருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டுபிடித்துக் கண்டித்த சம்பவத்தைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். பலகை வியாபாரத்துக்கும் அது பொருந்தும் என்பது அன்றுவரை உறைக்கவில்லை.

சோதிப்பது கஷ்டமான காரியமுமல்ல. பலகையின் நுனியை விட்டு உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டு வெட்டி நிறுங்கள். கேக் போடும் ஒவனில் 100 பாகையைச் சற்றுத் தாண்டிய சூட்டில், நிறை இனிக் குறையாது என்ற கட்டம்வரை வைத்து மீண்டும் நிறுங்கள். 230 கிராம் துண்டு 200 கிராமுக்கு வந்தால், போன 30 கிராமும் ஈரம். 200க்கு 30, அதாவது 15 வீதம். 12 முதல் 15 வரை என்றால் பென்ட்ரிக்கு எடுக்கலாம். 20ஐத் தாண்டினால் நிழலில், இடையிடையே ஒரே அளவான சட்டங்கள் வைத்து அடுக்கிக் காய விடுங்கள். சுவரில் சாய்த்து வைப்பது பலகைக்கு வளையச் சொல்லிக் கொடுப்பதாகும். இப்போது ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானியும் இருக்கிறது. வியாபாரிகள் ஒன்று வாங்கி வைத்து, கண்ட அளவை பில்லில் எழுதிக் கொடுக்கலாம். ஈரப் பலகையை ஈரப் பலகை என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்பதில் தவறில்லை.

கலியாணத் திகதி குறித்தாயிற்று என்று சீமெந்துப் பூச்சு உலருமுன் பென்ட்ரியைப் பூட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. சுவரின் ஈரமெல்லாம் கபட்டுக்குள் இறங்கும். முடிந்தால் பென்ட்ரி வேலையைக் கடைசிக்கு வையுங்கள். குடியேறிய பிறகு சோற்றுக் குக்கரையும் கேத்தலையும் மேல் கபட்டுக்கு நேர்கீழே வைத்து ஆவி பிடிக்க விடாதீர்கள். நோன்பு மாதத்தில் கஞ்சிப் பானைக்கும் அதே சட்டம்தான். உயரமான கதவுக்கு இரண்டு பிணைச்சல் போதாது, மூன்று போட வேண்டும்.

ஏற்கனவே வளைந்து விட்டதென்றால் உடனே எறிய வேண்டாம். உள்பக்கம் பூசாத கதவானால் கழற்றி, மழையற்ற நாட்களில் காற்றோட்டமான இடத்தில் சட்டங்களின் மேல் சில வாரம் படுக்க வையுங்கள். வில்லாக வளைந்தது பெரும்பாலும் திரும்பி வரும். வந்ததும் தாமதிக்காமல் இரு முகமும் பூசிவிட வேண்டும். முறுக்கேறிய கதவு வருவது அரிது.

அந்த வீட்டின் ஆறு கதவுகளில் நாலு அப்படித் திரும்பின. மற்ற இரண்டுக்கும் சோதித்த பலகை நான் கொடுத்தேன், ஓடாவி கூலி வாங்கவில்லை, வார்னிஷ் செலவை வீட்டுக்காரர் ஏற்றார். முறுக்கேறிய அந்த இரண்டும் இன்னும் என் கடைப் பின்புறத்தில் கிடக்கின்றன. “நல்லாக் காஞ்ச பலகதானே, நானா?” என்று கேட்டு வருபவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப் போகிறேன்.