பி.பி. ஆபீஸில் நாலு வாரம்

சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் அவ்வப்போது எனக்கு எழுதிக் கேட்பார்கள்: "பப்ளிக் பிராசிக்யூட்டர் ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் போடலாமா? அங்க என்ன வேலை இருக்கும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இதில் நான் செய்த ஒரு தப்பும் வருகிறது. ஊரையும் வழக்கின் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் கணக்கு. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008-ஆம் வருட சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்று வருடப் படிப்பு படிப்பவர்கள் மொத்தம் 12 வாரமும், ஐந்து வருடப் படிப்பு படிப்பவர்கள் 20 வாரமும் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நாலு வாரத்துக்கு மேல் கூடாது. இதில் பலர் சென்னையில் பெரிய சட்ட நிறுவனங்களையே தேடுவார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கம்மி. சம்பளம் கிடையாது, ஏ.சி. கிடையாது, சில இடங்களில் உட்கார நாற்காலியே கிடையாது. கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நேரில் போய் நின்றால் போதும். நான் அப்படித்தான் போனேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்புக் கோட்டு. கழுத்துப் பட்டையும் கவுனும் மாணவனுக்குக் கிடையாது. ஆனால் கோர்ட்டுக்கு வரும் ஜனங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அரசு வழக்கறிஞர் என்றால் யார் என்பதிலேயே நிறையப் பேருக்குக் குழப்பம். குற்றவியல் நடுவர் மன்றங்களில் வழக்கு நடத்துகிறவர் ஏ.பி.பி., அதாவது உதவி அரசு வழக்கறிஞர். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வந்த அரசு ஊழியர். செஷன்ஸ் கோர்ட்டில் நடத்துகிற பி.பி. அப்படியில்லை. குறைந்தது ஏழு வருடம் வக்கீலாக இருந்தவர்களிலிருந்து அரசாங்கம் நியமிக்கிறது. ஆட்சி மாறினால் பெரும்பாலும் பி.பி.யும் மாறுவார். கொலை, கொலை முயற்சி, பாலியல் வன்கொடுமை போன்ற பெரிய வழக்குகள் எல்லாம் இந்த இரண்டாவது ஆளின் கையில்தான்.

இவர் போலீஸின் வக்கீல் அல்ல. போலீஸ் புலனாய்வு செய்து குற்றப்பத்திரிகை போடுவதோடு அவர்கள் வேலை முடிகிறது. அரசு வழக்கறிஞரின் வேலை எப்படியாவது தண்டனை வாங்கிக் கொடுப்பது அல்ல, உண்மையை நீதிமன்றத்தின் முன்னால் நேர்மையாக வைப்பது என்று சிவகுமார் எதிர் ஹுக்கும் சந்த் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுபக்கமும் உண்டு. குஜராத் பெஸ்ட் பேக்கரி வழக்கில் 2004-இல், அரசு வழக்கறிஞர் எதிரிகளின் வக்கீல் மாதிரி நடந்துகொண்டார் என்று அதே நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. இரண்டையும் வகுப்பில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருந்தேன். அந்த அறிவு எவ்வளவு மெல்லிசானது என்பது மூன்றாவது வாரம்தான் தெரிந்தது.

காலையில் ஜாமீன் மனுக்கள். ஸ்டேஷனிலிருந்து கோர்ட் கான்ஸ்டபிள் கவுன்ட்டர் கொண்டு வருவார். எதிரிமேல் முன் வழக்கு இருக்கா, காயம்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துட்டாரா, புலனாய்வு எந்தக் கட்டத்தில் இருக்கு என்று நாங்கள் ஒரு தாளில் குறித்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கான்ஸ்டபிளோடு பழகிக்கொள்ளுங்கள். எந்தச் சாட்சி வரும், எந்தச் சாட்சிக்குச் சம்மன் போய்ச் சேரலை, யார் வாய்தாவுக்கு வாய்தா ஏமாத்துறாங்க என்பதெல்லாம் பி.பி.யைவிட அவருக்குத்தான் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் கட்டு படிப்பது. என்னைக் கேட்டால் இன்டர்ன்ஷிப் என்பதே இதுதான். ஒரு கொலை வழக்குக் கட்டில் புகார், எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், வரைபடம், போலீஸ் எழுதிய சாட்சி வாக்குமூலங்கள், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று என்று இருக்கும். எல்லாவற்றிலும் நேரத்தைப் பாருங்கள். சம்பவம் எத்தனை மணி? புகார் எத்தனை மணி? எஃப்.ஐ.ஆர். நடுவர் கைக்கு எப்போது போனது? எஃப்.ஐ.ஆரில் நடுவர் கையெழுத்துப் போட்டு, நேரத்தையும் குறித்திருப்பார். ராத்திரி ஒன்பது மணிக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். பக்கத்துத் தெருவிலிருக்கும் நடுவரிடம் மறுநாள் சாயங்காலம் போயிருந்தால், நடுவில் யாரோ உட்கார்ந்து பெயர்களைச் சேர்த்தார்களா என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்விதான்.

எனக்கு வந்தது ஒரு அடிதடி வழக்கு. மகனை அடித்துப் போட்டார்கள், இரண்டு நாள் கழித்து அவன் இறந்ததால் கொலை வழக்காக மாறியிருந்தது. நேரில் பார்த்த முக்கியமான சாட்சி அம்மா. புகாரில் அவர் ஐந்து பேரைப் பெயர் சொல்லியிருக்கிறார். விபத்துப் பதிவேட்டைப் பார்த்தால், டாக்டர் எழுதியிருப்பது "அடையாளம் தெரியாத மூன்று பேர்." அதைப் படித்ததும் எனக்குப் பெரிய துப்பறிவாளன் என்ற நினைப்பு வந்துவிட்டது. பி.பி.யிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பேனாவை எடுக்காமலே, "தெரியும் தம்பி. இந்தக் காப்பி எதிர்த்தரப்புகிட்டயும் இருக்கு, நாமதான் கொடுத்தோம். டாக்டர்கிட்ட சொன்னது யாருன்னு அந்தம்மாகிட்ட முதல் விசாரணையிலேயே கேட்டுருவோம்" என்றார்.

கேஸில் ஓட்டை இருந்தால் அதை மூடி மறைக்காமல் நாமே முன்னால் எடுத்து வைப்பது. ஒரு அரசு வழக்கறிஞர் செய்ய வேண்டியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். எனக்கு அது ஏறவில்லை. கேஸ் போயிடுமோ என்ற பயம்தான் இருந்தது.

நம் நாட்டில் மாணவன் கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு செய்த வக்கீலுக்குத்தான் வழக்கு நடத்தும் உரிமை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் இறுதியாண்டு மாணவர்கள், மேற்பார்வையோடு, அரசுத் தரப்பில் ஆஜராகலாம். ஜெர்மனியில் பயிற்சிக் காலத்து சட்டதாரிகள் சின்ன வழக்குகளில் அரசு வழக்கறிஞர் இருக்கையிலேயே உட்காருகிறார்கள். நமக்கு உள்ளே வேலை இல்லை. அதனால் கை சும்மா இருக்காது. வராண்டாவில் ஏதாவது செய்யத் தோன்றும்.

சாட்சி விசாரணை அன்று காலையில் அந்தம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சம்பவம் நடந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. "என்னத்த தம்பி கேப்பாங்க? எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது" என்றார். பாவமாக இருந்தது. கட்டைத் திறந்து, போலீஸ் எழுதிய அவரது வாக்குமூலத்தை முழுசாகப் படித்துக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "அஞ்சு பேரும்மா, பேரை விட்டுடாதீங்க" என்று வேறு சொன்னேன்.

கூண்டில் ஏறினார். ஐந்து பெயர்களையும் வாக்குமூலத்தில் இருந்த அதே வரிசையில், பாட்டி மனப்பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னார். டாக்டரிடம் பேசியது யார் என்று பி.பி. கேட்டார். "ஆட்டோக்காரத் தம்பி. நான் புள்ளைகிட்ட இருந்தேன்" என்றார். நல்ல பதில். நான் சொல்லிக் கொடுக்காத ஒரே பதிலும் அதுதான்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தார். "ஏம்மா, இன்னிக்குக் காலையில உங்ககிட்ட யாராச்சும் இதைப் பத்திப் பேசுனாங்களா?"

அந்தம்மா திரும்பி என்னைக் காட்டினார். "அந்தக் கறுப்புக் கோட்டுத் தம்பி படிச்சுக் காட்டுச்சுங்க ஐயா."

நம் கோர்ட்டுகளில் குறுக்கு விசாரணை பதிவாகும் விதம் கொஞ்சம் விசித்திரம். கேள்வியையும் பதிலையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கி, சாட்சியே சொன்ன மாதிரி எழுதுவார்கள். ஒத்துக்கொண்டால் "என்றால் சரிதான்", மறுத்தால் "என்றால் சரியல்ல". நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டச்சர் அடித்தார்: இன்று காலை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் எனது போலீஸ் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார் என்றால் சரிதான்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? போலீஸ் எழுதும் வாக்குமூலம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 180. அதில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது. அதை அப்படியே ஆதாரமாக வைக்கவும் முடியாது. சாட்சி கோர்ட்டில் மாற்றிப் பேசினால் அந்த முரணைக் காட்டத்தான் அது பயன்படும். ஏனென்றால் எழுதியது போலீஸ். சாட்சி சொன்னது எவ்வளவு, எழுதியவர் சேர்த்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு தாளைச் சாட்சிக்குப் படித்துக் காட்டி, அதையே அவர் கூண்டில் திரும்பச் சொன்னால், நாம் கேட்பது அவர் கண்ணால் பார்த்ததா, காலையில் காதால் கேட்டதா? சாட்சியோடு முன்கூட்டிப் பேசுவதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. எங்கே நிற்கணும், கேள்வி புரியலைன்னா திரும்பக் கேளுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க என்று தைரியம் சொல்லலாம். அந்தம்மாவுக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.

மறு விசாரணையில் பி.பி. கொஞ்சம் சரிக்கட்டப் பார்த்தார். "எம்புள்ளையை அடிச்சதை நான் பாத்தேங்க, இன்னொருத்தர் சொல்லணுமா?" என்று அந்தம்மா அழுதுவிட்டார். அதுவும் பதிவானது.

சாப்பாட்டு இடைவேளையில் பி.பி. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "நீ அந்தம்மாகிட்ட கேட்டிருக்கலாம். சொன்னதுதான் தப்பு" என்றார். பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டு, இனிமேல் மாணவர்கள் தனியாக எந்தச் சாட்சியோடும் பேசக் கூடாது, கட்டு அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அங்கே விட்டுவிட்டு வந்தது அந்த விதியைத்தான்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஐந்து பேரும் விடுதலை. காரணங்கள் பல: எஃப்.ஐ.ஆர். தாமதம், விபத்துப் பதிவேடு, பிறழ் சாட்சியாகிப்போன இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆட்டோ டிரைவரைப் போலீஸ் சாட்சியாகவே சேர்க்கவில்லை. என்னால்தான் விடுதலை என்று சொன்னால் அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் முக்கியத்துவம். ஆனால் அம்மாவின் சாட்சியத்தை ஏன் முழுசாக நம்ப முடியவில்லை என்று சொல்லும் பத்தியில் அந்த "படித்துக் காட்டினார்" ஒரு வரியாக இருக்கிறது. மேல்முறையீடு செய்ய அவருக்கே சட்டத்தில் உரிமை உண்டு என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா தெரியவில்லை. நான் சொல்லவில்லை. போய்ப் பார்க்கும் தைரியம் அப்போது இல்லை.

ஆக, போடலாமா என்று கேட்டால், போடுங்கள். போனில் கட்டைப் படம் எடுக்காதீர்கள், போக்சோ வழக்கென்றால் வீட்டில்கூடப் பெயர் சொல்லாதீர்கள். சாட்சிக்குத் தண்ணி வாங்கிக் கொடுக்கலாம், கழிப்பறை எங்கே என்று காட்டலாம். மே மாதத்தில் மட்டும் போகாதீர்கள். கோடை விடுமுறையில் விசாரணை அநேகமாக நடக்காது, ஜாமீன் மனு மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். ஜூலை, ஆகஸ்ட் நல்லது.