5,300 ரூபாய் மிச்சம்... மலிவான கார் இன்ஷூரன்ஸை நம்பி எடுக்கலாமா? நெல்லை வெள்ளம் சொல்லித்தரும் கணக்கு!

2023, டிசம்பர் 17. ஞாயிற்றுக்கிழமை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் விடாமல் கொட்டியது மழை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மறுநாள் தாமிரபரணி கரையை மறந்து ஓடியது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள் தண்ணீர், வண்ணார்பேட்டையில் தண்ணீர், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது.

1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் "அதுக்கப்புறம் இப்பத்தான் இப்படி" என்றார்கள். 1992-ல் நெல்லைத் தெருக்களில் இத்தனை கார்கள் கிடையாது. 2023-ல் வாசலிலும் தெருவோரத்திலும் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்திலும் நின்ற கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்து, சேறு காய்ந்த பிறகுதான் பலர் இன்ஷூரன்ஸ் பாலிசியை முதன்முறையாகப் பிரித்துப் படித்தார்கள். 'இன்ஷூரன்ஸ் இருக்கு' என்பதும் 'இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கும்' என்பதும் வேறு வேறு என்று தெரிந்தது அப்போதுதான்.

ஒவ்வொரு வருடமும் பாலிசி முடியும் நேரத்தில் போனில் மெசேஜ்கள் வரிசை கட்டும். ஒருவர் 12,100 ரூபாய் என்கிறார். இன்னொருவர் அதே காருக்கு 6,800 ரூபாய்தான் என்கிறார். எதை எடுப்பது? மலிவானதை எடுத்தால் லாபமா, ஏமாளித்தனமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எது மாறாது, எது மாறும்?

கார் இன்ஷூரன்ஸில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, தேர்டு பார்ட்டி. நம் கார் இடித்து இன்னொருவர் இறந்தாலோ, காயப்பட்டாலோ, அவருடைய பொருள் சேதமானாலோ கொடுக்க வேண்டிய இழப்பீடு இதில் வரும். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இது இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல்முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதன் பிரீமியத்தை எந்த கம்பெனியும் தன் விருப்பத்துக்கு வைக்க முடியாது. அரசு நிர்ணயிப்பதுதான். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி, 1,000 சி.சி வரையிலான சொந்த உபயோகக் கார்களுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். இதற்கு மேல் 18% ஜி.எஸ்.டி. 1,200 சி.சி கார் என்றால், யாரிடம் எடுத்தாலும் சுமார் 4,031 ரூபாய் இதற்கே போய்விடும்.

இரண்டாவது பகுதி, 'ஓன் டேமேஜ்'. நம் காருக்கு ஏற்படும் விபத்து, திருட்டு, தீ, புயல், வெள்ளச் சேதம் எல்லாம் இதில் வரும். விலையில் போட்டி நடப்பது இங்கேதான். 'பாதி விலை' என்று விளம்பரம் வந்தால், அது இந்தப் பகுதிக்கான தள்ளுபடி மட்டுமே.

வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால், வெள்ளத்தில் நம் கார் மிதந்தாலும் ஒரு ரூபாய்கூட வராது.

விலை எங்கே குறைகிறது?

மலிவான கொட்டேஷன் கையில் வந்ததும் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஐ.டி.வி. கார் திருடுபோனாலோ, சரிசெய்ய முடியாத அளவு சேதமானாலோ கம்பெனி கொடுக்கும் அதிகபட்சத் தொகை இது. காரின் வயதுக்கு ஏற்ப இது குறையும். ஒன்று முதல் இரண்டு வயதுக் காருக்கு 20% கழிவு, நான்கு முதல் ஐந்து வயதுக் காருக்கு 50% கழிவு என அட்டவணை இருக்கிறது. இந்தத் தொகையைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினால் பிரீமியமும் இறங்கும்.

இரண்டாவது, டிடக்டிபிள். ஒவ்வொரு கிளெய்மிலும் நம் பாக்கெட்டிலிருந்து போக வேண்டிய தொகை. 1,500 சி.சி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயம். 'கூடுதலாக 5,000 ரூபாய் நானே ஏற்கிறேன்' என்று ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். ஆன்லைனில் எடுக்கும்போது அந்த டிக், நாம் கவனிக்காமலே விழுந்திருக்கலாம்.

மூன்றாவது, தேய்மானம். சாதாரண பாலிசியில் புது பாகம் மாற்றினால் முழு விலை வராது. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலைதான். உலோக பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. இந்தக் கழிவு இல்லாமல் பணம் கிடைக்க 'ஜீரோ டெப்' எனும் கூடுதல் கவர் வேண்டும்.

நான்காவது, இன்ஜின் பாதுகாப்பு. தாமிரபரணிக் கரையில் வீடு இருப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

1,200 சி.சி பெட்ரோல் கார், வயது நான்கரை என்று வைத்துக்கொள்வோம். முதல் கொட்டேஷன் 6,800 ரூபாய்: ஐ.டி.வி 3.8 லட்சம், கூடுதல் டிடக்டிபிள் 5,000, ஜீரோ டெப் கிடையாது, இன்ஜின் கவர் கிடையாது. இரண்டாவது 12,100 ரூபாய்: ஐ.டி.வி 4.5 லட்சம், கட்டாய டிடக்டிபிள் மட்டும், ஜீரோ டெப் உண்டு, இன்ஜின் கவர் உண்டு. வித்தியாசம் 5,300 ரூபாய்.

சீட் மட்டம் வரை தண்ணீர் ஏறியது. ஒர்க் ஷாப் பில் 1,20,000 ரூபாய். அதில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் 30,000, மற்ற பாகங்கள் 60,000, லேபர் 30,000.

முதல் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பருக்கு 50% கழிவு, அதாவது 15,000. மற்ற பாகங்களுக்கு, நான்கு முதல் ஐந்து வயதுக்கு உரிய 35% கழிவு, அதாவது 21,000. டிடக்டிபிள் 1,000-மும் 5,000-மும் சேர்த்து 6,000. ஆக, நம் கையிலிருந்து 42,000 ரூபாய். இரண்டாவது பாலிசியில் 1,000 ரூபாய். (ஆயில், நட்டு போல்ட்டு போன்ற சில்லறைச் செலவுகள் இரண்டிலும் தனி.)

வித்தியாசம் 41,000 ரூபாய். மலிவான பாலிசியில் மிச்சம் பிடித்த பணம் இதை ஈடுகட்ட, ஏறக்குறைய எட்டு வருடங்கள் கிளெய்மே இல்லாமல் ஓட்ட வேண்டும்.

கார் முழுசாகப் போய்விட்டால்? பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி-யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். அப்போது முதல் பாலிசிக்காரருக்குக் கிடைப்பது, ஐ.டி.வி வித்தியாசத்தால் மட்டுமே 70,000 ரூபாய் குறைவு. காருக்கு பேங்க் லோன் பாக்கி இருந்தால், அந்த 70,000 ரூபாய் இல்லாத காருக்குக் கட்டும் இ.எம்.ஐ-யாக மாறும்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1992-க்கும் 2023-க்கும் நடுவே 31 வருடங்கள். பெருவெள்ளம் வருடா வருடம் வருவதில்லை. சராசரி பார்த்தால் இன்ஷூரன்ஸ் யாருக்குமே லாபம் தராது. எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'திடீரென்று 42,000 ரூபாய், அல்லது ஒன்றரை லட்சம் ரூபாய் கையிலிருந்து கொடுக்கச் சொன்னால், நகையை அடகு வைக்காமல் கொடுக்க முடியுமா?' முடியும் என்பவர் மலிவானதை எடுக்கலாம். முடியாது என்பவருக்கு அந்த 5,300 ரூபாய் செலவு அல்ல.

சாவியைத் திருப்பும் ஒரு நொடி

வெள்ளத்தில் நின்ற காரை 'ஓடுதா பார்ப்போம்' என்று ஸ்டார்ட் செய்வதுதான் பலர் செய்யும் தவறு. இன்ஜின் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும், உடையும். வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் பாலிசியில் உண்டு. ஆனால், ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் 'பின்விளைவு' என்று கணக்கிடப்பட்டு, சாதாரண பாலிசியில் மறுக்கப்படலாம். இதற்குத்தான் இன்ஜின் பாதுகாப்பு கவர். அதிலும் கம்பெனிக்கு கம்பெனி நிபந்தனைகள் மாறும். தண்ணீரில் வேண்டுமென்றே ஓட்டினால் கிடைக்குமா என்பதைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

கார் மூழ்கிவிட்டால் செய்ய வேண்டியவை: ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும்படி போட்டோ, வீடியோ எடுங்கள். பாதுகாப்பாக நெருங்க முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். டோ செய்துதான் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போக வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்கக் கூடாது.

மலிவு எப்போது சரி?

எல்லா மலிவும் மோசமில்லை. கிளெய்ம் செய்யாத வருடங்களுக்காகக் கிடைக்கும் என்.சி.பி தள்ளுபடி 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 சதவிகிதம் வரை போகும். அதனால் விலை குறைந்திருந்தால் அது உங்கள் உரிமை. வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் காருக்கு, ஓடும் தூரத்துக்கேற்ப பிரீமியம் கட்டும் வசதியை 2022 ஜூலையிலேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ அனுமதித்துவிட்டது. 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்து பாலிசி ஏற்கெனவே இருந்தால், கார் பாலிசியில் இன்னொன்றுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பன்னிரண்டு வயதான கார், விற்றால் ஒரு லட்சம் தேறும், வீடு மேட்டுப் பகுதியில் என்றால் கூடுதல் கவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த வயதுக் காருக்கு ஜீரோ டெப் கிடைப்பதும் கடினம்.

நடுவழியும் உண்டு. மலிவான கொட்டேஷனிலேயே ஐ.டி.வி-யைச் சரியான அளவுக்கு ஏற்றி, கூடுதல் டிடக்டிபிளை எடுத்துவிட்டு, இன்ஜின் கவரை மட்டும் சேர்த்துக் கேட்கலாம். எல்லாக் கவரும் எல்லோருக்கும் தேவையில்லை.

எப்போது ஆபத்து?

போன வருடம் கிளெய்ம் வாங்கியிருந்தும் 'என்.சி.பி 50% போட்டுத் தரேன், யாருக்குத் தெரியும்' என்று ஒருவர் சொன்னால், அந்த பாலிசி வேண்டாம். பழைய கம்பெனியிடம் கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். அது தெரியவருவது பெரும்பாலும் கிளெய்ம் நேரத்தில்தான்.

சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்துவிட்டு, குற்றால சீஸனுக்கும் திருச்செந்தூர் முகூர்த்தத்துக்கும் வாடகைக்கு விட்டாலும் கிளெய்ம் சிக்கலாகும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள், 14 நாள்களுக்குள் பாலிசியையும் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி உங்கள் பெயரில், பாலிசி பழைய ஓனர் பெயரில் என்றால், உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் வராமல் போகலாம்.

நம்ப முடியாத விலைக்குத் தருபவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். போலி பாலிசிகளும் உண்டு. பணத்தை கம்பெனியின் கணக்கில் மட்டுமே கட்டுங்கள். பாலிசியில் உள்ள க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்து, எம்-பரிவாகன் செயலியிலும் இன்ஷூரன்ஸ் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. இரண்டு கொட்டேஷனிலும் ஐ.டி.வி, டிடக்டிபிள், கூடுதல் கவர்கள் ஒன்றேதானா? ஒன்றாக்கிய பிறகும் விலை குறைவாக இருந்தால்தான் அது உண்மையான மலிவு.

2. என்.சி.பி சரியாகப் போடப்பட்டிருக்கிறதா?

3. பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, பெருமாள்புரம் பக்கம் கேஷ்லெஸ் ஒர்க் ஷாப் இருக்கிறதா? அல்லது மதுரைக்கு டோ செய்ய வேண்டுமா?

4. ஜீரோ டெப் வருடத்துக்கு எத்தனை கிளெய்முக்கு?

5. பழைய பாலிசி முடியும் முன்பே புதியது தொடங்குகிறதா? ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் அந்த நாளில் நடந்த சேதத்துக்குப் பணம் இல்லை. காரை மறுபடி ஆய்வு செய்த பிறகே பாலிசி தருவார்கள். 90 நாள்களைத் தாண்டினால் என்.சி.பி-யும் போய்விடும்.

கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலோ, 155255 என்ற எண்ணிலோ புகார் பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் தீர்வு இல்லையென்றால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

நம் பக்கம் பெருமழை என்றால் அது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். உங்கள் பாலிசி எந்த மாதம் முடிந்தாலும் சரி, புரட்டாசிக்குள் ஒருமுறை அதைப் பிரித்து ஐ.டி.வி எவ்வளவு, டிடக்டிபிள் எவ்வளவு, இன்ஜின் கவர் உண்டா என்று மூன்று வரிகளை மட்டும் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. ஆற்றில் தண்ணீர் ஏறிய பிறகு அந்தக் காகிதத்தில் எதையும் மாற்ற முடியாது.