கேட்கப்பட்டவர் சுமக்கும் அமானிதம்

பிளஸ் டூ தேர்வின் முடிவு வெளியாகும் வாரங்களில், ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நிற்கும் ஆலிமிடம் கேட்கப்படும் கேள்விகள் மாறிவிடுகின்றன. மற்ற நாட்களில் ஜகாத்தையும் பாகப்பிரிவினையையும் பற்றிக் கேட்போர், அப்பொழுது கையில் மதிப்பெண் பட்டியலோடு வந்து, "ஹஜ்ரத், பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் ஆசை. எதிலே சேர்க்கலாம்?" என்று கேட்கின்றனர். பெரும்பாலும் பெண்மக்களின் தந்தையரே இவ்வாறு கேட்பவர்கள். நம் இல்லங்களில் ஒரு பெண்பிள்ளை மேற்படிப்புக்குச் செல்ல வேண்டுமெனில், தாயும் தந்தையும் பாட்டியும் ஒருசேர இணங்கும் தொழில் ஆசிரியப் பணியே என்பதை வாசகர்கள் அறிவர்.

திருமறையின் 42ஆம் அத்தியாயத்துக்கே கலந்தாலோசனை என்ற பொருள்படும் 'ஷூரா' என்னும் பெயர் அமைந்துள்ளது. எவரிடம் ஆலோசனை கேட்கப்படுகிறதோ அவர் அமானிதத்தை ஏற்றுக்கொண்டவர் என்ற கருத்துடைய நபிமொழியும் நாம் அறிந்ததே. அந்த நபிமொழியைப் பல ஆண்டுகளாக மிம்பரில் நின்று எடுத்துரைத்தவன் நான். அதன் கனத்தை என் தம்பி மகளின் வாழ்வில்தான் உணர நேர்ந்தது.

2016ஆம் ஆண்டு அவள் ஒரு கல்லூரியின் விவரக் குறிப்பேட்டை எடுத்துவந்து, "பெரியத்தா, இதில் சேரட்டுமா?" என்று கேட்டாள். பட்டத்தின் பெயரில் கணிதம் என்ற சொல் இருந்தது; அதனோடு புதுமையான வேறொரு சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒட்டுச் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. கணிதம் படித்தால் கணித ஆசிரியை ஆகலாம் என்று எண்ணி, துஆச் செய்து அனுப்பிவைத்தேன். அவள் நன்றாகவே படித்தாள். 2021இல் பி.எட். முடித்தாள். 2023 பிப்ரவரியில் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளை எழுதித் தேறினாள். 2024 பிப்ரவரியில் போட்டித் தேர்வும் எழுதினாள். பின்னர், சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில், "இந்தப் பட்டம் பி.எஸ்ஸி. கணிதத்துக்கு இணையானது என்பதற்கு அரசாணை உண்டா?" என்ற ஒரே கேள்வி எழுந்தது. அத்தகைய ஆணை இருக்கவில்லை. எட்டு ஆண்டு உழைப்பு அந்த மேசையில் நின்றுபோயிற்று. பிழை அவளுடையது அன்று. அறியாமலே அறிந்தவன்போல் பதில் சொன்ன என்னுடையது.

நம் மதரஸாக்களில் ஓதப்பெறும் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் நூலை இயற்றிய இமாம் ஸர்னூஜி அவர்கள், எந்தக் கல்வியை, எந்த ஆசிரியரிடம், எத்தகைய தோழரோடு கற்பது என்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். புகாராவுக்குக் கற்கச் செல்பவர் போனவுடன் ஒரு பாடவட்டத்தில் அமர்ந்துவிடாமல், இரண்டு மாத காலம் பொறுத்திருந்து, ஆராய்ந்து ஆசிரியரைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற அறிவுரை அதில் வருகிறது. நாமோ சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டதென்று, விண்ணப்பம் நிரப்பித் தரும் கணினி நிலையத்துத் தம்பியிடம் யோசனை கேட்கிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எந்தப் பருவத்தில் எந்தப் பாடத்தை எடுப்பது என்று மாணவருக்கு வழிகாட்டுவதற்கெனக் கல்வி ஆலோசகர்கள் இருப்பர். நம் கல்லூரிகளில் அந்த ஏற்பாடு வலுப்பெறவில்லை. தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' ஆகிய திட்டங்கள் இக்குறையை ஓரளவு நீக்க முயல்கின்றன. ஆயினும் நம் மஹல்லாக்களில் இன்றும் ஆலோசகர் என்பவர் மாமாவோ, அண்டை வீட்டு ஆசிரியரோ, என் போன்ற ஹஜ்ரத்தோதான். ஆகவே நான் பின்னர் விசாரித்து அறிந்தவற்றை இங்கே எடுத்துரைப்பது கடமையாகிறது.

முதலில், பிள்ளை எந்த வகுப்புக்குப் பாடம் சொல்ல விரும்புகிறது என்று கேட்க வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான சிறார்களுக்குக் கற்பிப்பவர் இடைநிலை ஆசிரியர். அதற்குரியது பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டு பயிலும் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. பி.எட். பெரிய படிப்பாயிற்றே, அது இருந்தால் சிறு வகுப்புக்கும் போகலாமே என்று சிலர் வாதிடுவர். 2018இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அவ்வாறு ஒரு வழியைத் திறக்கவும் செய்தது. ஆனால் 2023 ஆகஸ்ட் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு பி.எட். உரிய தகுதியன்று எனத் தீர்ப்பளித்துவிட்டது. சின்னஞ்சிறு குழந்தைக்கு எழுத்தறிவிப்பது தனிக் கலை என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து. குர்ஆன் மதரஸாவில் அலிஃப், பே சொல்லிக் கொடுத்துப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர் பட்டதாரி ஆசிரியர். 'பி.டி. அசிஸ்டென்ட்' என்று மக்கள் சொல்வது இவரைத்தான். சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பயின்ற காலத்தில் எல்.டி. என்று வழங்கிய பயிற்சிப் பட்டம், பின்னர் பி.டி. ஆகி, இன்று பி.எட். ஆகிவிட்டது, பதவியின் பெயரில் மட்டும் பழைய எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இப்பதவிக்குப் பள்ளிப் பாடம் ஒன்றில் மூன்றாண்டுப் பட்டமும், அதன்மேல் பி.எட். பட்டமும் வேண்டும். முன்பு ஓராண்டாக இருந்த பி.எட். 2015ஆம் ஆண்டு முதல் இரண்டாண்டாயிற்று. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் தேவை. இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் என்று தாவுவோர் பின்னாளில் சிக்கலுக்கு ஆளாகிறார்கள். ஆசிரியப் பணியை நாடுவோர் எடுத்த பாடத்தை இறுதிவரை விடாது பற்றிக்கொள்வதே நலம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் குடும்பங்களில் வணிகவியல் பட்டத்துக்கு மிகுந்த விருப்பம். கடைக்கணக்கு பார்க்கும் மரபு அது. ஆனால் வணிகவியலும் பொருளியலும் பத்தாம் வகுப்பு வரை தனிப் பாடங்களாக இல்லை. ஆகவே பி.காம். மட்டும் முடித்த பிள்ளைக்குத் தமிழகத்தில் பி.எட். கதவு திறப்பதில்லை; எம்.காம். முடித்த பின்னரே திறக்கும். இதை அறியாமல் பி.காம். முடித்துவிட்டு, பி.எட். விண்ணப்பம் திரும்பிவந்த பின் கலங்கிய பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் முதலியன நேர்வழிகள். தமிழ் விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்; தமிழாசிரியர் இல்லாத பள்ளி எது?

பட்டத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெயரில் கூடுதலாக ஒரு சொல் இருந்தாலும், அது மூலப் பாடத்துக்கு இணையானது என உயர்கல்வித் துறை பிறப்பித்த அரசாணையின் எண்ணைக் கேளுங்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்பது பதிலாகாது. அரசாணைக்கு எண் உண்டு, நாள் உண்டு. அவை இரண்டையும் சொல்ல இயலாத கல்லூரியிடம் பணம் கட்டுவதற்கு முன், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்துக்கே எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெறுங்கள்.

படிப்பின் வரிசையும் முக்கியம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற ஒழுங்கைக் கடந்து, இளங்கலை இல்லாமலே திறந்தநிலை முறையில் நேரே முதுகலை பெற்றோரின் பட்டம் பணிக்குச் செல்லாது என 2009இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அஞ்சல் வழி பி.எட். என்பதும் வீட்டிலிருந்தபடி எவரும் பெறத்தக்கதன்று. முன்பே ஆசிரியப் பயிற்சி பெற்றவருக்கோ, பணியில் இருப்பவருக்கோ உரியது. திருமணமாகி ஊரில் இருக்கும் பெண்ணுக்கு அஞ்சல் வழியில் பி.எட். வாங்கித் தருவதாக எவரேனும் சொன்னால், முன்பணம் கொடுக்குமுன் இதை நினைவிற்கொள்க.

பிளஸ் டூ முடித்தவுடனேயே பட்டத்தையும் பயிற்சியையும் நான்கே ஆண்டில் சேர்த்து முடிக்கும் வழியும் உண்டு. மைசூரில் 1963இல் தொடங்கப்பெற்ற மண்டலக் கல்வியியல் நிறுவனம் தென்மாநிலப் பிள்ளைகளுக்காக இத்தகைய படிப்பை நெடுங்காலமாக நடத்திவருகிறது. ஓராண்டு மிச்சமாகும். ஆனால் இதற்குத் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ முடிவு வருமுன்பே விண்ணப்பக் காலம் கழிந்துவிடுவதுண்டு. ஜூன் மாதத்தில் கேட்பவர்களுக்கு நான் வருத்தத்தைத்தான் பதிலாகத் தர முடிகிறது.

பட்டமும் பயிற்சியும் பெற்றதோடு வேலை வந்துவிடுமா? இல்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என 2010இல் விதிக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பு வரை முதல் தாள். ஆறு முதல் எட்டு வரை இரண்டாம் தாள். ஏழாண்டே செல்லும் என்றிருந்த அத்தேர்ச்சி 2021 முதல் ஆயுட்காலம் செல்லும் என்றாயிற்று. தமிழகத்தில் அரசுப் பணிக்கு, இதில் தேறியவர்கள் மேலும் ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு அரசாணை கூறுகிறது.

"நம்முடையது சிறுபான்மைப் பள்ளிக்கூடம், நமக்கு அந்தத் தேர்வு வேண்டியதில்லை" என்று நிர்வாகிகள் சிலர் ஆறுதல் சொல்வது என் காதுக்கும் எட்டுகிறது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மை நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 1ஆம் நாள் வந்த தீர்ப்பு அந்த நிலையையே ஐயுற்று, கேள்வியைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. மற்றப் பள்ளிகளில், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றும் அதே தீர்ப்பு பணித்தது. வழக்கின் முடிவை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தொங்கவிடுவானேன்? ஒருமுறை தேறினால் ஆயுள் முழுதும் செல்லும் தேர்வை இளமையிலேயே எழுதி முடிப்பது அறிவுடைமை.

சனது பெற்ற இளம் ஆலிம்களுக்கும் ஒரு வார்த்தை. வேலூர் பாக்கியாத்திலும் உமராபாத்திலும் ஆண்டுக்கணக்கில் ஓதிப் பெற்ற சனதின் கண்ணியம் வேறு. அரசுப் பள்ளி நியமனம் கேட்கும் பட்டம் வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் நடத்திவந்த அஃப்சலுல் உலமாத் தேர்வை எழுதிப் பள்ளிகளில் அரபி ஆசிரியராய் அமர்ந்தவர்கள் நம்மில் உண்டு. ஓதும்போதே பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் முறையாக எழுதிவைத்தவர்களே பின்னர் பட்டப் படிப்புக்கு எளிதாகச் சென்றார்கள். இதைச் சொல்ல எனக்குத் துணையாக ஒருவர் என் இளமையில் இருந்திருப்பின், நானும் அவ்வாறு செய்திருப்பேன்.

சான்றிதழ்களைப் பற்றிய சிறு குறிப்புகள் சில. தமிழ்வழியில் படித்தோருக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்தின்படி, பள்ளிப் பருவம் தொட்டே தமிழ்வழியில் பயின்றமைக்குச் சான்று வேண்டும். பள்ளியை விட்டு வரும்போதே அச்சான்றைப் பெறுக. தலைமையாசிரியர் மாறிய பின் அலைவது வீண். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குரிய 3.5 சதவீத ஒதுக்கீடு 2007 முதல் உள்ளது. அதற்கான சாதிச் சான்றிதழில் பெயரும் பள்ளிச் சான்றில் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா எனப் பாருங்கள். முஹம்மது என்ற பெயரை நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்!

தொலைதூரத்திலிருந்து வந்த ஒருவர் பல கேள்விகளைக் கேட்க, இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு "எனக்குத் தெரியாது" என்றே விடையளித்த செய்தியை நாங்கள் மாணவப் பருவத்திலேயே ஓதினோம். மதீனத்துப் பேரறிஞருக்கு எளிதாக வந்த அந்தச் சொல், ஒரு கல்லூரிக் குறிப்பேட்டின் முன்னால் எனக்கு வரவில்லை.

என் தம்பி மகள் இப்போது ஒரு தனியார் பள்ளியில் குறைந்த ஊதியத்துக்குக் கணிதம் கற்பிக்கிறாள். இணைத்தன்மை கோரிப் பட்டம் தந்த பல்கலைக்கழகத்துக்கும் உயர்கல்வித் துறைக்கும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். அவள் தங்கை இவ்வாண்டு பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். சென்ற வாரம் அவளும் ஒரு குறிப்பேட்டோடு வந்து என் முன் அமர்ந்தாள்.

"பெரியத்தா, இதில் வேதியியலோடு வேறு ஏதோ போட்டிருக்கிறது. சேரலாமா?"

"எனக்குத் தெரியாது, மா. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கே போய்க் கேட்போம்" என்றேன்.

அவளுடைய லாத்தா உள்ளே சென்று, தன் மனுவின் நகல்கள் அடங்கிய கோப்பை எடுத்துவந்து, அங்கே எந்த அறையில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள்.