சீட்டு வித்தைச் சொற்கள்

ஒரு தொழிலார் தமக்குள் மட்டும் பொருள் விளங்க வழங்கும் சொல்லை நன்னூலார் குழூஉக்குறி என வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என வழங்கியதை உரையாசிரியர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவர். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டின் மறைவில் விரல் பற்றி விலை பேசுதலும் ஒருவகையிற் குழூஉக்குறியே. ஆங்குச் சொல்லின் வேலையை விரல் செய்கின்றது. இவ்வகை வழக்குகளுள் தமிழாராய்ச்சியாளர் நோக்கிற் பெரிதும் படாதது சீட்டு வித்தையோர் வழக்கு. ஆங்கிலத்தில் இவ்வித்தைக்குக் கலைச்சொற்கள் மிகப் பல. தமிழ்நாட்டு வித்தையாளரும் ஃபோர்ஸ், பாம், டபுள் லிஃப்ட் என அவற்றையே எடுத்தாள்வர். இவற்றிற்கு நேரான சொல் தமிழில் இல்லை என்று கூறி வடமொழித் தொடர்களைப் புதிதாகக் கோத்துத் தருவாரும் உளர். சொற்கள் உள்ளன என்பதே எம் துணிபு. அவை சீட்டாடுவோர் நாவிலும், தாய்மார் நாவிலும், பழைய கல்வெட்டு வழக்கிலும் சிதறிக் கிடக்கின்றன.

இதனை ஆராய்தற்குப் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியும் அதன் மேலுள்ள ஏலமலைச் சரிவும் பொருத்தமான களமாகும். மலையின் இப்பால் தேனி மாவட்டம்; அப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டம். ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்வோர் இரு மொழியையும் கேட்டுப் பழகியவர். மழை விடாது பெய்து காய் எடுப்பு நின்றுபோன நாளில் சீட்டுக்கட்டு வெளிப்படுதல் மலைநாட்டு இயல்பு. கலைத்தல், வெட்டுதல், இறக்குதல், கவிழ்த்தல், பிடித்தல் என ஆட்டத்திற்கு வேண்டிய வினைகள் அனைத்தும் ஆங்குத் தமிழாகவே வழங்குகின்றன. பெயர்ச்சொற்களோ பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை.

அப்பெயர்களைச் சிறிது நோக்குவோம். இஸ்பேட்டு, ஆட்டின், கிளாவர், டைமன் என்பன தமிழ்நாட்டில் நால்வகைச் சீட்டுக்கும் வழங்கும் பெயர்கள். இவை யாவும் ஆங்கிலத் திரிபு என எண்ணுவோர் கிளாவர் என்பதற்கு வழி காட்ட இயலாது. அவ்வினச் சீட்டை ஆங்கிலேயர் கிளப் என்பரேயன்றிக் கிளாவர் என்னார். ஒல்லாந்தர் மொழியில் அதற்குக் கிளாவர் என்பதே பெயர். ஆட்டின் என்பதும் அம்மொழியின் ஹார்ட்டன் என்பதன் சிதைவே. சிங்களத்தில் ஹார்த்த, ருயித்த, கலாபர, இஸ்கோப்ப என நான்கும் ஒல்லாந்தச் சொற்களாகவே நிற்றல் இதனை வலியுறுத்தும். டைமன் மட்டும் ஆங்கிலத்தினின்று வந்தது. இஸ்பேட்டு ஆங்கிலத்தினின்றும் வரலாம், போர்த்துக்கீசியத்தினின்றும் வரலாம். எவ்வழி வரினும் முதலில் இகரம் பெற்றது தமிழ் நாவின் தேவையால் என்க.

சொற்கள் மட்டுமோ, ஆட்டமும் உடன் வந்தது. கேரளத்திற் பெருவழக்கான இருபத்தெட்டு என்னும் ஆட்டத்தில் அரசனும் அரசியும் மதிப்பிழந்து நிற்க, ஜாக்கி 3, ஒன்பது 2, ஆசு 1, பத்து 1 எனப் புள்ளி பெறும். ஓரினத்திற்கு 7 ஆக, நான்கிற்கு 28 ஆதல் காண்க. இலங்கையில் ஆடப்பெறும் முந்நூற்று நான்கிலும் ஜாக்கியே தலைச்சீட்டு. ஜாக்கியையும் ஒன்பதையும் இவ்வாறு உயர்த்துதல் நெதர்லாந்தில் தோன்றிய யாஸ் என்னும் ஆட்டக் குடும்பத்தின் இயல்பு. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரையும், கொச்சி 1663 முதல் 1795 வரையும் ஒல்லாந்தர் கையில் இருந்தன. இலங்கைக் கடற்கரையோ 1796 வரை. தொல்காப்பியர் கூறிய திசைச்சொல்லுக்கு இவற்றினும் தெளிந்த பிற்கால எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. எனவே பெயர்ச்சொற்களை மாற்ற முற்படுதல் வீண் என்று கருதுகின்றோம். ஆட்டினை இதயம் என்று மொழிபெயர்த்துப் பயன் என்னை?

இனி வினைகளுக்கு வருவோம். வித்தை முழுதும் வினையிலேயே அடங்கியுள்ளது. ஆடுவோன் வெட்டுதலும் வித்தையாளன் வெட்டுதலும் புறத்தோற்றத்தில் ஒன்றே. கட்டை இரண்டாகப் பிரித்துக் கீழ்ப்பாதியை மேல் வைத்தால் சீட்டுகள் கலைந்துவிட்டன என்று காண்போர் கொள்வர். உண்மையில் வரிசை சுழல்கின்றதே ஒழியக் கலைவதில்லை. வளையத்தை எவ்விடத்து அறுத்து எவ்விடத்துக் கூட்டினும் அடுத்தடுத்த மணிகள் அடுத்தடுத்தே நிற்றல் போன்றது இது. வித்தையாளன் அடிச்சீட்டு இன்னதென முன்னரே பார்த்துக்கொள்கின்றான். காண்போன் தான் எடுத்த சீட்டைக் கட்டின் தலையில் வைக்கின்றான். வெட்டியதும் அடிச்சீட்டு அதன் மேல் வந்து அமர்கின்றது. பின்னர் மேலிருந்து ஒவ்வொன்றாக மலர்த்திக்கொண்டே வர, தான் அறிந்த சீட்டு தோன்றியதும் அடுத்தது காண்போனுடையது எனத் தெளியலாம். இவ்வாறு துணைசெய்யும் சீட்டை ஆங்கிலேயர் திறவுகோற் சீட்டு என்னும் பொருள்பட வழங்குவர். தமிழில் அதனை அண்டைச்சீட்டு எனலே சிறக்கும். அது எதனையும் திறப்பதில்லை, அண்டையில் நிற்றலே அதன் தொழில்.

ஃபோர்ஸ் என்பதே இவ்வழக்கின் தலையாய சொல். காண்போன் தன் விருப்பப்படி எடுத்ததாக எண்ண, வித்தையாளன் கருதிய சீட்டே அவன் கையிற் சேர்வது அது. இதனைத் திணிப்பு என்று மொழிபெயர்த்தல் முற்றும் பிழை. திணிக்கப்படுவோன் திணிப்பை உணர்வான்; இத்தமிழ்நாட்டில் அச்சொல்லின் பொருளை விளக்கவும் வேண்டுமோ? ஈண்டு உணராமையே உயிர். நம் இலக்கணத்தில் இதற்கென அமைந்ததுபோல் ஒரு வடிவம் உண்டு. எடுத்தல் தன்வினை, எடுப்பித்தல் பிறவினை. கோயில் எடுப்பித்தல் என்பது கல்வெட்டுகளிற் பயின்று வரும் வழக்கு. ஆங்குக் கல்லைச் சுமந்த கை தச்சனது. கருத்தும் பெயரும் அரசனுடையன. சீட்டு வித்தையிலும் எடுக்கும் கை ஒருவனது, எடுப்பிக்கும் கருத்து மற்றொருவனது. காண்போன் தன்வினையாற் கூறுவதை வித்தையாளன் பிறவினையாக அறிவான். வித்தையின் மறை முழுதும் இவ்விரு வடிவங்களுக்கு இடையே கிடக்கின்றது என்றால் மிகையாகாது.

எடுப்பித்தலை எவ்வாறு நிகழ்த்துவர்? எளியதொரு முறை வருமாறு. கட்டின் ஒரு முனையை வலக்கைப் பெருவிரலும் நடுவிரலும் பற்றியிருக்க, இடக்கை விரல்நுனிகள் மேலிருந்து சிறுசிறு பிடிகளாகச் சீட்டுகளை இழுத்து உள்ளங்கையில் விழவிடும். காண்போன் விரும்பிய கணத்தில் நிறுத்துக என்பான். வலக்கையில் எஞ்சிய பகுதியை உயர்த்தி அதன் அடிச்சீட்டை வித்தையாளன் காட்டுவான். எப்போது நிறுத்தினும் அது தொடக்கந்தொட்டு அடியில் இருந்த அதே சீட்டுத்தான். பிடிகள் மேலிருந்தே கழிவதால் அடி மாறுவதில்லை. காண்போன் தேர்ந்தது காலத்தை, சீட்டையன்று.

ஏனைய இரண்டைச் சுருங்கக் கூறி அமைவோம். உள்ளங்கையிற் சீட்டை மறைத்தலுக்குக் கரத்தல், கரவு என்னும் பழஞ்சொற்கள் போதும். இரு சீட்டுகளை ஒன்றெனத் தோன்றப் புரட்டி, மேற்சீட்டு இதுவெனக் காட்டி உண்மையில் இரண்டாவதைக் காட்டுதல் டபுள் லிஃப்ட். இதனை இரட்டைத் தூக்கு என்பது செவிக்கும் நன்றன்று. சேரப் புரட்டல் என்க.

காண்போர் கருத்தை வேறிடத்துச் செலுத்துதல் இவை யாவற்றிற்கும் துணை. திசைதிருப்பல் என்னும் சொல் இன்று பரவியுள்ளது; அது மொழிபெயர்ப்பு நாற்றம் மாறாதது. பழைய கண்கட்டு வித்தை என்பதும் உண்மையை உணர்த்தவில்லை. கண் கட்டப்படுவதே இல்லை. திறந்த கண் முன்னரேதான் அனைத்தும் நிகழ்கின்றன. உண்ண மறுக்கும் குழந்தைக்குக் காக்கையைக் காட்டித் தாய் ஒரு கவளத்தை வாயில் இடுகின்றாளே, அதற்குத் தமிழ்ப் பெண்டிர் இட்ட பெயர் பராக்குக் காட்டுதல். அரசர் வருகையிற் கட்டியக்காரன் பராக்கு எனக் கூவியது கவனம் என்னும் பொருளில். கவனத்தையும் கவனமின்மையையும் ஒருங்கே உணர்த்தும் சொல் வேறு எம்மொழியில் இவ்வளவு எளிதாகக் கிட்டும்? ஓரிடத்துக் கவனத்தை ஈர்த்து மற்றோரிடத்துக் கவனமின்மையை விளைத்தலே வித்தையாளன் செய்வது. செப்பிடு வித்தைக்காரன் செப்பின் கீழ்ப் பந்தை மாற்றுகையிற் பேசும் பேச்சு முழுதும் பராக்கே. மலைக்கு அப்பால் செப்பும் பந்தும் என வழங்கும் அக்கலையில் வாழக்குன்னம் நம்பூதிரி தலைசிறந்து விளங்கினார். இராமசாமி என்னும் தென்னாட்டார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மேடைகளில் வித்தை காட்டிப் புகழ் பெற்று 1850இல் மறைந்தார்.

இச்சொற்களைத் தொகுத்தல் புலவர் பொழுதுபோக்கு என்று கருதுவார்க்கு ஒன்று கூறுவோம். வித்தையாளன் கருவிகளே சூதன் கருவிகளும். 1902இல் எர்ட்னேஸ் என்னும் புனைபெயரால் வெளிவந்த நூல் சூதாட்ட மேசைக் கள்ளங்களை விரித்துரைப்பது. வித்தையாளர் அதனையே தம் முதனூலாகப் போற்றுகின்றனர். திருவிழாக் கூட்டத்தில் மூன்று சீட்டுப் போடுவோனிடம் வாரக்கூலியை இழந்த தொழிலாளி, தானே தேர்ந்து தானே தோற்றதாக நம்பி மலையேறுகின்றான். அவனுக்கு எடுத்தல் என்னும் சொல் உண்டு. எடுப்பித்தல் என்னும் சொல் இல்லை. அச்சொல் அவன் வழக்கில் இருந்திருப்பின் தன் இழப்பிற்குத் தன் ஊழைக் காரணம் காட்டுமுன் எதிரியின் விரல்களை ஒருமுறை நோக்கியிருப்பான். குழூஉக்குறி குழுவினுள் அடங்கியிருக்கும் வரையில் நட்டம் குழுவிற்கு அன்று.

கலைத்தலைப் பற்றி ஒன்று எஞ்சியுள்ளது. இரு பாதிகளை விரலால் விடுத்துச் சீட்டிடைச் சீட்டாகக் கோத்தல் மேனாட்டு முறை. 52 சீட்டுகள் நன்கு கலைதற்கு அவ்வாறு ஏழு முறை செய்ய வேண்டும் எனப் பேயரும் டயகோனிசும் 1992இற் கணக்கிட்டு நிறுவினர். இதனைக் கோத்துக் கலைத்தல் எனலாம். மேலே எடுப்பித்தலுக்குக் கூறிய, பிடிபிடியாக இழுத்துக் கலைக்கும் முறைக்கோ மேனாட்டு வித்தை நூல்கள் இந்துக் கலைப்பு என்னும் பொருளிற் பெயரிட்டுள்ளன. இந்தியர் கைகளில் அதனைக் கண்டமையே காரணம். அப்பெயரை மொழிபெயர்த்துத் தமிழிற் புகுத்துதல் நம் வீட்டுப் பொருளை அயலான் முத்திரையோடு விலைகொடுத்து வாங்குதல் ஆகும். பிடிக்கலைப்பு எனக் கலைச்சொல் ஆக்கலாம். குரங்கணியில் அதற்கு அடைமொழியே வேண்டுவதில்லை. கலைத்துப் போடு என்றால் அதுவே.